சின்ன டர்போ காருக்கு ஆயில் வாங்கும்போது கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள்

"என் காருக்கு 5டபிள்யூ-30 போடலாமா, 5டபிள்யூ-40 போடலாமா?" டர்போ கார் வாங்கியவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். கேட்பதில் தப்பில்லை, ஆனால் இதை இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும். முன்பக்கத்தில் 5டபிள்யூ-30 என்று பெரிதாக எழுதிய இரண்டு கேன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் என்ஜினுக்கு அப்படியே பொருந்தும், இன்னொன்று நாள்பட நாள்பட பிஸ்டனையோ வால்வுகளைச் சரியான நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டையோ காவு வாங்கக்கூடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் கடைக்காரர் சொல்வதையும் விளம்பரம் சொல்வதையும் நம்பி வாங்க வேண்டியதில்லை.

கீழே சொல்வது பெட்ரோல் டர்போ கார்களுக்கு. டீசலுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும், பொருந்தாத இடம் வரும்போது சொல்கிறேன்.

சின்ன டர்போவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்

ஒரு லிட்டர், 1.2, 1.4 லிட்டர் என்ஜின்தான், ஆனால் டர்போ இல்லாத 1.6, 1.8 லிட்டர் என்ஜின் இழுத்த பாரத்தை இது இழுக்கிறது. மூன்றே சிலிண்டர் வைத்த ஒரு லிட்டர் என்ஜினிலிருந்து 100 குதிரைத்திறனுக்கு மேல் எடுப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்த அழுத்தமெல்லாம் பிஸ்டன், ரிங், பேரிங் மேல்தான் விழும், அங்கே உலோகமும் உலோகமும் தொடாமல் காப்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான்.

டர்போவின் நிலைமை இதைவிடக் கடுமை. ஒரு பக்கம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடிய எக்ஸாஸ்ட் வாயு டர்பைனைச் சுற்றுகிறது, மறுபக்கம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சக்கரம், இரண்டையும் இணைக்கும் விரல் தடிமன்கூட இல்லாத தண்டு முழு வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல்கூடப் போகும். பெரும்பாலான கார்களில் அந்தத் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. அங்கே போவது தனி ஆயில் எதுவும் இல்லை, என்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் அதே நாலு லிட்டர் சொச்சம்தான்.

வேகமாக ஓட்டி வந்து சட்டென்று என்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. டர்பைன் பக்கத்துச் சூடு தண்டு வழியாக பேரிங்குக்கு ஏறி, அங்கே தேங்கி நிற்கும் ஆயிலைக் கருக்கும். அடுப்பில் விட்ட இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்து கறுப்புப் பிசுக்காகப் பிடித்துக்கொள்வதைப் போலத்தான் இதுவும். பிசுக்கு ஏற ஏற ஆயில் வரும் வழி சுருங்கும், டர்போ பட்டினி கிடக்கும். இதற்காகத்தான் இப்போதைய டர்போக்களின் நடுப்பகுதியில் கூலன்ட் ஓடுகிறது, சில கார்களில் என்ஜின் அணைந்த பிறகும் ஒரு மின் பம்ப் முனகிக்கொண்டே இருக்கும், அது கோளாறு இல்லை. ஆனாலும் கருகாமல் தாங்கும் ஆயில் வேண்டும், விலை குறைவு என்று மினரல் ஆயில் போடும் பேச்சே இந்த என்ஜின்களில் கூடாது.

மேனுவலில் இருந்து மூன்று விஷயம் எடுங்கள்

ஆயில் ஊற்றும் மூடியின் மேல் 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ எழுதியிருந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், மூடியில் பெரும்பாலும் கிரேடு மட்டும்தான் இருக்கும். மேனுவலின் கடைசிப் பக்கங்களில், எரிபொருள், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் பட்டியலிட்ட இடத்தில் என்ஜின் ஆயிலுக்கு என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே அனுமதித்த கிரேடுகள், அது கேட்கும் தரக் குறியீடு, ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் என்ற அளவு, இந்த மூன்றும் கிடைக்கும். அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் காரில் இரண்டு மூன்று என்ஜின் வரும், டர்போ இல்லாத என்ஜினுக்குரிய வரியைப் படித்துவிட்டு டர்போவுக்கு வாங்குகிறவர்கள் நிறைய, அதனால் உங்கள் என்ஜினின் வரிதானா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். காகித மேனுவல் தொலைந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே மேனுவலைத் தருகின்றன, வருடத்தையும் என்ஜினையும் சரியாகக் கொடுத்துத் தேடுங்கள்.

தரக் குறியீடு இரண்டு வகையாக வரும். ஒன்று பொதுத் தரம்: ஏபிஐ எஸ்பி, ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6, ஏசிஇஏ சி3 மாதிரி. ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு, ஐஎல்எஸ்ஏசி அமெரிக்க, ஜப்பானியக் கார் நிறுவனங்களின் குழு, ஏசிஇஏ ஐரோப்பியக் கார் நிறுவனங்களின் சங்கம். ஜப்பான், கொரியா, அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் இதைக் கேட்கும். இன்னொன்று கார் நிறுவனமே வைத்திருக்கும் தரம்: ஃபோக்ஸ்வேகனின் 504 00 அல்லது 508 00, ரெனோவின் ஆர்என்17, ஜிஎம்மின் டெக்ஸோஸ்1, ஃபோர்டின் டபிள்யூஎஸ்எஸ் என்று தொடங்கும் நீளமான எண். ஐரோப்பியக் கார் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான், அங்கே ஏபிஐ எழுத்தை வைத்து வாங்கினால் போதாது.

கேனைத் திருப்புங்கள்

கேனின் பின்பக்கத்தில் இந்தக் குறியீடுகள் வரிசையாக இருக்கும். பல கேன்களில் அந்த வரிசையே இரண்டாகப் பிரிந்திருக்கும். மேலே "அங்கீகாரம் பெற்றது" என்ற பொருளில் ஒரு தலைப்பு, கீழே "இவற்றுக்கு ஏற்றது", "இந்தத் தேவைகளைப் பூர்த்தி செய்கிறது", "இவற்றுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது" என்ற மாதிரி இன்னொரு தலைப்பு. முதல் வரிசையில் இருப்பதைக் கார் நிறுவனம் சோதனை முடிவுகளைப் பார்த்து எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வரிசையில் இருப்பது ஆயில் தயாரித்தவர் தானே சொல்லிக்கொள்வது. அது பொய் என்று சொல்ல வரவில்லை, பல நேரம் நல்ல ஆயிலாகவே இருக்கும், ஆனால் வாரன்டியில் இருக்கும் டர்போ காருக்கு நான் முதல் வரிசையில் பெயர் இருக்கும் ஆயிலை மட்டும்தான் எடுப்பேன்.

சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ஏபிஐ உரிமம் பெற்ற ஆயில்களைத் தேடிப் பார்க்க அந்த அமைப்பின் தளத்திலேயே பட்டியல் உண்டு, கேனில் வட்டமான ஏபிஐ முத்திரை இருந்தால் அந்தப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். மெர்சிடிஸும் தான் ஒப்புக்கொண்ட ஆயில்களின் பெயர்களைப் பட்டியலாக வெளியிடுகிறது. டெக்ஸோஸ் ஆயில் என்றால் முத்திரையோடு ஓர் உரிம எண்ணும் கேனில் இருக்கும்.

"முழு சிந்தெடிக்" என்ற சொல்லுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். அதற்கு உலகம் முழுக்க ஒரே வரையறை இல்லை. கச்சா எண்ணெயிலிருந்து எடுத்து ஹைட்ரஜன் கொண்டு நன்றாகச் சுத்திகரித்த அடிப்படை எண்ணெயையும் பல நாடுகளில் சிந்தெடிக் என்றே விற்கலாம், ஜெர்மனியில் அதே எண்ணெயை முழு சிந்தெடிக் என்று போட முடியாது. எந்த எண்ணெயில் செய்தார்கள் என்பதைவிட எந்தச் சோதனையில் தேறியது என்பதுதான் உங்கள் என்ஜினுக்கு வேண்டிய தகவல், அந்தத் தகவல் குறியீட்டில்தான் இருக்கிறது.

எல்எஸ்பிஐ: சின்ன டர்போவின் தனிப்பட்ட எதிரி

ஆயில் வாங்கும்போது குறியீட்டை இவ்வளவு வலியுறுத்துவதற்கு முதல் காரணமே இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எல்எஸ்பிஐ என்றால் லோ ஸ்பீட் ப்ரீ-இக்னிஷன், அதாவது குறைந்த சுற்றில் வரும் முன்தீ. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ என்ஜின், அதாவது டிஜிடிஐ, டிஎஸ்ஐ, ஜிடிஐ என்றெல்லாம் பின்னால் எழுதியிருக்குமே அந்த வகை, குறைந்த சுற்றில் அதிகப் பாரம் இழுக்கும்போது ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே சிலிண்டருக்குள் தீ பிடித்துக்கொள்ளலாம். பீய்ச்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் பட்டு, அங்கிருக்கும் ஆயிலோடு கலந்து, பிஸ்டனுக்கும் மேல் ரிங்குக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சேர்கிறது. அந்தக் கலவையின் ஒரு துளி தெறித்து எரியும் அறைக்குள் போனால் அதுவே பொறியாகிவிடும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, அதற்குள் மேலே வெடிப்பு. வெளியே கேட்பது ஒரே ஒரு கனமான "டொக்". அந்த ஒரு சத்தத்திலேயே பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடையலாம், கனெக்டிங் ராட் வளையலாம்.

இதில் ஆயிலுக்கு என்ன பங்கு? அழுக்கைக் கழுவுவதற்காக ஆயிலில் சேர்க்கும் டிடர்ஜென்ட்டுகளில் கால்சியம் சார்ந்தவை இந்த முன்தீயைத் தூண்டுகின்றன என்று சோதனைகளில் தெரியவந்தது. அதே வேலையை மெக்னீசியம் செய்தால் இந்தச் சிக்கல் வருவதில்லை. அதனால் புதிய ஆயில்களில் கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தை ஏற்றினார்கள். ஏபிஐ தரத்தில் இந்தச் சோதனை 2018-ல் எஸ்என் பிளஸ் வந்தபோதுதான் நுழைந்தது, 2020 மே மாதம் வந்த எஸ்பி தரத்தில் அது நிலையாக இடம் பிடித்தது, 2025 மார்ச்சில் எஸ்க்யூ தரமும் ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-7-ம் வந்துவிட்டன. வெறும் எஸ்என் என்று மட்டும் போட்ட ஆயில் 2010-ம் வருடத் தரம், அதில் இந்தச் சோதனை கிடையாது. மேனுவல் எஸ்என் கேட்டாலும் எஸ்பி, எஸ்க்யூ வாங்குங்கள், புதிய ஏபிஐ பெட்ரோல் தரம் பழையதற்குப் பதிலாகப் போடும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. மேனுவல் எஸ்பி கேட்டால் கடையில் தேங்கிக் கிடக்கும் எஸ்என் கேனைத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு எடுக்காதீர்கள்.

எஸ்பி தரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. நேரடி இன்ஜெக்ஷன் என்ஜினில் கரி அதிகம் உருவாகும், அந்தக் கரி ஆயிலில் கலந்து டைமிங் செயினைத் தேய்த்து நீளச் செய்யும். செயின் தேய்மானத்துக்கு என்று தனிச் சோதனையை எஸ்பி தரத்தில்தான் சேர்த்தார்கள்.

லாரிக்கு ஊற்றும் கனரக டீசல் ஆயில் "ஸ்ட்ராங்" என்று சிலர் சின்ன டர்போவுக்கும் ஊற்றுகிறார்கள். அந்த ஆயில்களில் டிடர்ஜென்ட் பொதுவாக அதிகம், பெரும்பாலும் கால்சியம். இந்த என்ஜினுக்கு அது வேண்டவே வேண்டாம். பைக் ஆயிலும் வேண்டாம், ரேஸ் ஆயிலும் வேண்டாம், ரேஸ் ஆயிலில் கூடுதலாகப் போடும் துத்தநாக பாஸ்பரஸ் சேர்மானம் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

எவ்வளவு நல்ல ஆயில் போட்டாலும் ஓட்டுகிற விதத்திலும் கவனம் வேண்டும். ஐந்தாவது கியரில் 1,500 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்காதீர்கள், ஒரு கியர் இறக்கிவிட்டு மிதியுங்கள். எல்எஸ்பிஐ வருவதற்குத் தோதான நிலைமையே இப்படித் திணறவிட்டு ஓட்டும்போதுதான் உண்டாகிறது.

இப்போது முன்பக்க எண்கள்

குறியீடு பொருந்திய கேன்களை மட்டும் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் கிரேடுக்கு வர வேண்டும். 5டபிள்யூ-30-ல் டபிள்யூவுக்கு முந்தைய எண் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது, எண் குறைந்தால் கடுங்குளிரிலும் சீக்கிரம் மேலே ஏறும். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் வைத்து ஸ்டார்ட் ஆகும் தன்மையைச் சோதிக்கிறார்கள். பனியே பார்க்காத ஊரில் இந்த எண்ணுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பிந்தைய எண்தான் என்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டி என்பது. 20 மெல்லியது, 30 நடு, 40 கெட்டி. 100 டிகிரியில் அளக்கும் இந்த அளவைவிட டர்போக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஹெச்டிஹெச்எஸ் என்ற அளவு, 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் இருப்பது போன்ற நெருக்கடியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது அது. 20 கிரேடுக்குக் குறைந்தது 2.6, 30 கிரேடுக்குக் குறைந்தது 2.9 இருக்க வேண்டும், 5டபிள்யூ-40 என்றால் 3.5. ஆனால் எல்லா 5டபிள்யூ-30-ம் ஒன்றில்லை. ஏசிஇஏ சி3 தரத்து 5டபிள்யூ-30-ல் இந்த அளவு 3.5-க்குக் குறையக் கூடாது, சி2 தரத்து 5டபிள்யூ-30-ல் 2.9 இருந்தாலே போதும். முன்பக்கம் ஒரே எண், உள்ளே இருப்பது வேறு ஆயில். மறுபடியும் பின்பக்கக் குறியீட்டில்தான் வந்து நிற்கிறோம் பாருங்கள்.

சரி, கெட்டியாகப் போட்டால் நல்லதா? மேனுவல் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டையும் அனுமதித்திருந்தால், வெயில் அதிகம், மலை ஏற்றம் அதிகம், எப்போதும் நிறைய ஆட்களும் சுமையும் என்றால் நான் 30-ஐ எடுப்பேன். டர்போ என்ஜினில் பெட்ரோல் கலந்து ஆயில் மெலியும், 30-ல் தொடங்கினால் மெலிந்த பிறகும் கொஞ்சம் கெட்டி மிச்சமிருக்கும். மைலேஜ் சிறிது குறையலாம், அதைப் பொறுத்துக்கொள்வேன். மேனுவல் 0டபிள்யூ-20 ஒன்றைத்தான் சொல்கிறது என்றால் அதையேதான் போட வேண்டும். அந்த என்ஜினின் ஆயில் பம்ப், வால்வ் நேரத்தை மாற்றும் பாகங்கள், பேரிங் இடைவெளி எல்லாம் அந்த ஆயிலுக்கென்று செய்தவை. எதிர்த்திசையிலும் இதே கண்டிப்பு வேண்டும்: ஃபோக்ஸ்வேகனின் 508 00 தரம் புதியதுதான், ஆனால் அது மெல்லிய 0டபிள்யூ-20, 504 00 கேட்கும் பழைய என்ஜினில் அதை ஊற்றக் கூடாது. கலந்து போகாமல் இருக்கத்தான் 508 00 ஆயிலுக்குப் பச்சைச் சாயம் போடுகிறார்கள். ஏபிஐயில் புதியது பழையதற்குப் பொருந்தும் என்றேன், கார் நிறுவனத் தரங்களில் அந்த விதி எப்போதும் செல்லாது.

பெட்ரோல் கார்களிலும் இப்போது எக்ஸாஸ்டில் துகள் ஃபில்டர் வருகிறது. ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல் அதில் சேர்ந்து அடைக்கும், எரித்தாலும் போகாது. அந்த ஃபில்டர் உள்ள காருக்கு ஏசிஇஏ சி வகையைச் சேர்ந்த குறைந்த சாம்பல் ஆயிலைத்தான் மேனுவல் பெரும்பாலும் கேட்கும். டீசல் காரில் இது இன்னும் கண்டிப்பு.

பெல்ட் ஆயிலுக்குள் ஓடும் என்ஜின்கள்

உங்கள் காரில் ஃபோர்டின் 1.0 எகோபூஸ்ட், பெஜோ-சிட்ரோயெனின் 1.2 ப்யூர்டெக் மாதிரி என்ஜின் இருந்தால் இந்தப் பகுதியைத் தவறவிடாதீர்கள். இவற்றின் முதல் தலைமுறைகளில் டைமிங் பெல்ட் வெளியே உலர்ந்த இடத்தில் இல்லை, என்ஜினுக்குள் ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. உராய்வும் சத்தமும் குறையும் என்று செய்தார்கள். ஆனால் பெல்ட் ரப்பர், ஆயிலில் சேரும் வேதிப்பொருட்களும் கலக்கும் பெட்ரோலும் அதற்கு ஒத்துவராவிட்டால் அது ஊதும், ஓரம் பிய்யும், துணுக்குத் துணுக்காக உதிரும். அந்தத் துணுக்குகள் சம்ப்பின் அடியில் ஆயிலை உறிஞ்சும் வலையில் போய் அடைத்தால் ஆயில் அழுத்தம் விழும், முதலில் அடி வாங்குவது டர்போவும் பேரிங்குகளும்தான். ப்யூர்டெக்கில் பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்ப்புக்கும் துணுக்குகள் போய் பிரேக் பெடல் கல்லாக இறுகிய சம்பவங்கள் உண்டு.

அதனால் இந்த என்ஜின்களில் "கிட்டத்தட்ட அதே ஆயில்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. ப்யூர்டெக்குக்கு பி71 2312 என்றோ பி71 2010 என்றோ, எகோபூஸ்டுக்கு டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்றோ, மேனுவல் சொல்லும் எண் எழுத்துக்கு எழுத்து கேனில் இருக்க வேண்டும். பழைய ஆயிலை எடுக்கும் முன் ஊற்றச் சொல்லும் ஃபிளஷ் திரவத்தை இந்த என்ஜின்களுக்குள் விடவே விடாதீர்கள். ப்யூர்டெக்கில் ஆயில் மூடியைத் திறந்தால் பெல்ட் கண்ணுக்குத் தெரியும், அகலத்தை அளக்க ஒரு அளவுகோலும் உண்டு, ஊதிய பெல்ட் அதற்குள் நுழையாது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ பிசிறோ தெரிந்தால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் பெல்ட்டை மாற்ற வேண்டும்.

எப்போது மாற்றுவது

மேனுவலில் இரண்டு அட்டவணை இருக்கும், சாதாரண ஓட்டம், கடினமான ஓட்டம். தினமும் ஐந்து கிலோமீட்டர் போய் அணைப்பது, நெரிசலில் நின்று நின்று ஊர்வது, தூசி, கடும் வெயில், அதிகச் சுமை எல்லாமே கடினமான ஓட்டக் கணக்கில்தான் வரும். தங்களுடையது சாதாரண ஓட்டம் என்று நினைக்கிறவர்களில் பலர் உண்மையில் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறார்கள். என்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்துவிட்டால் ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேற நேரமே கிடைக்காது. அப்படி ஓட்டுகிறவர் கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் மேனுவல் சொல்லும் மாதக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், என்னைக் கேட்டால் அதிலும் பாதியில்.

இதை நீங்களே பார்க்க முடியும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, மேனுவல் சொல்லும் சில நிமிடம் காத்திருந்து டிப்ஸ்டிக்கை உருவுங்கள். துணியில் துடைத்துவிட்டு மறுபடி அடிவரை சொருகி எடுங்கள், முதல் முறை வருவதை நம்பாதீர்கள், குழாயின் உள்சுவரில் இருக்கும் ஆயில் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில், மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றால் நல்லது. அப்புறம் நுனியில் இருக்கும் துளியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தெளிவாக அடித்து, போன முறை இருந்ததைவிட மட்டம் ஏறியும் இருந்தால், யாரும் ஊற்றாமல் ஏறிய அந்த மிச்சம் பெட்ரோல்தான். கிலோமீட்டர் பாக்கி இருக்கிறதே என்று பார்க்காமல் மாற்றுங்கள். கறுப்பாக இருப்பதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம், நேரடி இன்ஜெக்ஷன் என்ஜினில் ஆயில் சீக்கிரமே கறுக்கும், கரியைத் தன்னோடு சுமப்பதும் அதன் வேலைதான்.

மட்டம் இறங்குவதும் நடக்கும். கொஞ்சம் ஆயில் குடிப்பது டர்போ என்ஜினில் சகஜம், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், நீண்ட பயணத்துக்கு முன்னால் கட்டாயம் பாருங்கள். இறங்கியிருந்தால் அதே ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், ஆவி வழியாக ஆயில் இன்டேக்குக்குள் போகும், முன்தீக்கு நாமே எண்ணெய் வார்த்த கதையாகும். வழியில் ஆயில் குறைந்து நிற்க வேண்டி வந்து அதே ஆயில் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும் ஏபிஐ எஸ்பி ஆயிலை ஊற்றிக்கொண்டு வீடு சேருங்கள், குறைந்த ஆயிலில் ஓட்டுவதைவிட அது மேல், சேர்ந்ததும் மாற்றிவிடலாம்.

ஆயிலில் கலக்கச் சொல்லி விற்கும் குட்டிப் பாட்டில்கள் எதையும் வாங்க வேண்டாம். அங்கீகாரம் பெற்ற ஆயில் என்பது ஒரு முழுக் கலவை, கால்சியம் இவ்வளவு, பாஸ்பரஸ் இவ்வளவு என்று நிறுத்து வைத்துச் சோதித்தது. அதில் இன்னொன்றைக் கலந்த நொடியில் அந்தச் சோதனைக்கு அர்த்தம் போய்விடுகிறது.

மாற்றும் நாளில்

மேனுவல் 4.1 லிட்டர் என்றால் நாலு லிட்டர் கேனோடு ஒரு லிட்டர் கேனும் வாங்குங்கள், மிச்சத்தை டிக்கியில் வைத்தால் இடையில் ஊற்ற உதவும். சீல் உடையாத கேனை நீங்களே கொண்டு போய், "இதையே ஊத்துங்க, காலி கேனை எனக்குக் கொடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பீப்பாயிலிருந்து பிடித்து ஊற்றும் இடத்தில் அது எந்தத் தரம் என்று பீப்பாயின் லேபிளைக் காட்டச் சொல்லலாம், நல்ல மெக்கானிக் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், கார் நிறுவனத்துடையதோ அதற்கு இணையானதோ. பல ஃபில்டர்களில் என்ஜின் நின்ற பிறகு ஆயில் வழிந்து இறங்காமல் பிடிக்கும் ஒரு ரப்பர் வால்வ் உண்டு, மட்டமான ஃபில்டரில் அது சரியாக மூடாது, காலையில் ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ஊற்றும்போது சொன்ன அளவில் கால் லிட்டர் குறைத்து ஊற்றி, ஸ்டார்ட் செய்து ஐடிலில் மட்டும் விடுங்கள், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டாம். சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஃபில்டர் அடியிலும் ட்ரெயின் போல்ட்டிலும் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். கேனின் பின்பக்கத்தையும் ஓடோமீட்டரையும் ஒரு படம், பில் இருந்தால் அதையும், வாரன்டியில் கேள்வி வந்தால் காட்ட இவை வேண்டியிருக்கும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள்.